பின்னால் ஒட்டிய 350

2024 மார்ச் 12, செவ்வாய்க்கிழமை காலை, கேகாலையில் ஒரு கராஜுக்குள் கறுப்புச் சொகுசுக் கார் ஒன்று தூக்கி நிறுத்தப்பட்டிருக்கிறது. இந்தக் காரைச் செய்யும் கம்பனி வைக்கும் பெயர்களில் எழுத்து காரின் அளவைச் சொல்லும், எண் இன்ஜினின் வலுவைச் சொல்லும்; வலுவுக்கேற்பப் பிரேக் தட்டும் மாறும். பின்கதவில் 350 மின்னுகிறது. உதிரிப்பாகங்களுக்கு ஓடர் கொடுக்கும் ரோஷானி, 200க்குரிய பிரேக் தட்டுகளைக் கொழும்பிலிருந்து வரவழைத்திருக்கிறாள். இன்னொரு தடவை பிழையான சாமான் வந்தால் வேலையை விட்டுத் தேயிலைத் தோட்டத்துக்கே திரும்பிவிடலாம் என்று முதலாளி சொல்லி ஒரு வாரம்தான் ஆகிறது. “இவ்வளவு பெருசா போட்டிருக்கே, பார்க்கலியா தங்கச்சி?” என்கிறார் மெக்கானிக் ரொபர்ட். “அது கார்ச் சொந்தக்கார மாத்தயா ஆசைக்கு வாங்கி ஒட்டுனதுங்க அண்ணே. கதவத் தொறந்தா கம்பனித் தகடு இருக்கு. அதுல 200தான்.” “அப்ப நானும் சட்டையில இன்ஜினியர்னு ஒட்டிக்கிறேன்.” அவள் சிரிக்கவில்லை. தகரக் கூரையின் ஓட்டையில் இறங்கும் வெயில் புதுத் தட்டின் விளிம்பில் வழுக்குகிறது. ரொபர்ட் அதைத் தூக்கி அச்சில் வைக்கிறார். ஐந்து துளைகளும் நேராகின்றன. தட்டைக் கவ்வும் பிரேக் பிடி உரசாமல் அதன்மேல் உட்காருகிறது. சக்கரத்தை மாட்டிக் கையால் சுற்றிவிடுகிறார்; சத்தமில்லாமல் சுழல்கிறது. ரோஷானியின் கைக்குள் கசங்கியிருந்த ஓடர் தாள் மெதுவாக விரிகிறது. இப்போதுதான் அந்த இன்ஜினியர் பேச்சுக்குச் சிரிக்கிறாள். பதினொன்றரைக்குக் கார் வெளியே போகிறது, பின்னால் அதே 350உடன்.