நிலாவைப் பிடித்த கை

“இந்த டிவிடியில கோளாறும்மா. மாத்திக் குடு.”

அட்டையைப் பார்த்ததுமே கடைக்காரி உதட்டைப் பிதுக்கினாள். விண்கலத்துக்குள் மாமியாரும் மருமகளும் மல்லுக்கட்டும் அந்தப் பழைய சீரியல். கண்ணாடி போலத் தெளிவான புதுப்பதிப்பு என்று மேலே பெருமை வேறு!

“என்ன கோளாறு பெரியவரே?”

“நிலாவைப் பிடிச்சிருக்கிற கை தெரியுது.”

“தெர்மாகோல் நிலா பின்னே தானா நிக்குமா? அந்த ராக்கெட்டே டார்ச் லைட்டுதான். இந்தக் கண்றாவிய மூணே பேர்தான் வாங்கினாங்க. ரெண்டு பேர் நேத்தே திருப்பிக் குடுத்துட்டாங்க.”

“டிவியில வந்தப்போ மங்கலா இருந்துச்சு, கை தெரியல. அதே மாதிரி மங்கலா ஒண்ணு இருந்தா குடும்மா. சாயங்காலம் பேரன் பேத்தியோட என் வீட்டுக்காரி பார்க்க உட்காருவா. என் மானமே போயிடும்.”

“எவனோ நிலாவைப் பிடிச்சா உங்க மானம் ஏன் போகுது?”

பெரியவர் அதுவரை பைக்குள் விட்டிருந்த வலது கையை எடுத்து மேசைமேல் வைத்தார். கட்டைவிரலை ஒட்டி ஆறாவதாக ஒரு குட்டி விரல்.

“அந்தக் கை இதுதான். கடைசிவரைக்கும் ஹெல்மெட்டைக் கழட்டாத கேப்டன் நான்தான்னு சொல்லித்தாம்மா நான் பொண்ணு கேட்டதே!”