அப்பா கட்டிய பந்தயம்

பெற்ற மகன் ஆடும் ஆட்டத்தில் அப்பாவே பந்தயம் கட்டி நீங்கள் பார்த்திருக்கிறீர்களா?

"மொத்தமாவா?" என்றார் தீர்த்தகிரி. வேப்பனப்பள்ளிப் பக்கம் எங்கே கபடி நடந்தாலும் பந்தயப் பணம் அவர் கைக்குத்தான் வரும்.

"மொத்தமாத்தான்," என்றார் கோவிந்தன்.

"ஏது மாமா இவ்ளோ?"

"பசு ரெண்டையும் வித்துட்டேன்."

"அய்யய்யோ! அக்காவுக்குத் தெரியுமா?"

"தெரிஞ்சா என்னை உயிரோட விடுவாளா? யார்கிட்டயும் வாயத் திறக்காதே."

தீர்த்தகிரி குரலைத் தாழ்த்தினார். "மாமா, நானும் எத்தனையோ பேரைப் பாத்துட்டேன். ஒரு ஆட்டம் விடாம பாக்கறவன்தான் மொதல்ல மண்ணைக் கவ்வறான். 'பாத்துட்டேன், எனக்குத் தெரியும்'னு அள்ளிக் கட்டறான். ஆட்டமே பாக்காதவனாச்சும் பயந்துகிட்டுக் கம்மியா கட்டுவான்."

"அவனுங்க கபடியைப் பாக்கறாங்க. நான் விஜியைப் பாக்கறேன். தினம் பிராக்டீஸ் முடியற வரைக்கும் வேலிக்கு இந்தப் பக்கம் நிக்கறேன். எந்தக் காலை எப்படி வெக்கறான்னு அவனைவிட எனக்கு நல்லாத் தெரியும்."

விஜி என்கிற விஜயகுமார் கோவிந்தனின் ஒரே மகன். மாங்கூழ் கம்பெனியில் தினக்கூலி. கபடிக் கோட்டைத் தாண்டினால் பாயிண்ட் இல்லாமல் திரும்ப மாட்டான் என்று ஆந்திரா எல்லை வரை பேச்சு. அன்று பைனல். ஊர் டீமுக்கு எதிரே ஓசூர் கம்பெனி டீம்.

"எதுக்கு மாமா இவ்ளோ ரிஸ்க்?"

"பையனுக்காகத்தான். கையில இருக்கறது பத்தலை. சீக்கிரமா வேணும்."

"கல்யாணமா?"

கோவிந்தன் அவர் காதருகே குனிந்தார். எப்படிக் கட்ட வேண்டும் என்பதை மட்டும் சொன்னார்.

தீர்த்தகிரி அவரை ஏற இறங்கப் பார்த்தார். "பெத்த அப்பன் கட்டற பந்தயமா இது?" என்றபடி பணத்தை வாங்கி உள்பாக்கெட்டில் வைத்தார்.

சாயங்காலம் ஸ்கூல் கிரவுண்டில் நிற்க இடமில்லை. முதல் பாதி முழுக்க விஜி வெளியே பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தான். "விஜியை எறக்கு! விஜியை எறக்கு!" என்று ஊரே கத்தியது. ஓசூர்க்காரர்கள் முன்னால் போய்க்கொண்டிருந்தார்கள். கோவிந்தன் மகன் மேலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

கூட்டத்தைத் தள்ளிக்கொண்டு அவர் மனைவி மாதேஸ்வரி வந்தாள். தலை கலைந்திருந்தது.

"ஏங்க, கொட்டாயில மாடு ரெண்டையும் காணோம். எங்க?"

"மெதுவா பேசுடி."

"எங்கன்னு கேக்கறேன்!"

"வித்துட்டேன்."

"வித்துட்டீங்களா? காசு எங்க?"

"இந்த ஆட்டத்துல கட்டியிருக்கேன். கத்தாதே. நான் சொல்றதைக் கொஞ்சம் கேளு..."

அவள் கேட்க நிற்கவில்லை. "குடியைக் கெடுத்துட்டியே பாவி!" என்று தலையில் அடித்துக்கொண்டு, கயிற்றுக்கு அடியில் குனிந்து நேராக மகனிடம் ஓடினாள்.

அவள் என்ன சொன்னாள் என்று இங்கே கேட்கவில்லை. விஜி தலையைத் தூக்கி, அத்தனை கூட்டத்திலும் அப்பாவைத் தேடிக் கண்டுபிடித்து ஒரு பார்வை பார்த்தான். எழுந்தான். ஊர் மெடிக்கல் ஷாப்காரரைக் கூட்டிக்கொண்டு ஓரமாக நின்ற வேனுக்குப் பின்னால் போனான். திரும்பி வந்தபோது முட்டியில் துணி சுற்றியிருந்தான்.

விஜி கோர்ட்டுக்குள் இறங்கியதும் விசில் காதைப் பிளந்தது.

"டேய், வேணாண்டா! எறங்காதடா!" என்று கத்தினார் கோவிந்தன். பக்கத்தில் நின்றவர் சிரித்தார். "பயப்படாதீங்கண்ணா. உங்க பையன் வந்துட்டானில்ல, இனிமே கப்பு நமக்குத்தான்."

சொன்னபடிதான் நடந்தது. போன ரெய்டெல்லாம் பாயிண்ட். கடைசி ரெய்டில் ஸ்கோர் சமம். மூன்று பேர் சேர்ந்து பிடித்தார்கள். விஜி அவர்களையும் இழுத்துக்கொண்டே தவழ்ந்து, கோட்டில் விரலை வைத்தான்.

ஊர் ஜெயித்துவிட்டது. தோளில் தூக்கப் போனவர்கள், அவன் போட்ட அலறலில் அப்படியே கீழே விட்டுவிட்டார்கள். இடது கால் முட்டிக்குக் கீழே வேறு பக்கம் திரும்பியிருந்தது.

கோவிந்தன் மண்ணில் விழுந்து மகன் தலையை மடியில் எடுத்துக்கொண்டார்.

"ஏன்டா எறங்கினே? ஏன்டா?"

"முட்டியில ஜவ்வு கிழிஞ்சிருச்சுப்பா. போன மாசமே டாக்டர் ஆபரேஷன் பண்ணணும், ஆடவே கூடாதுன்னாரு. உனக்குத் தெரிஞ்சா நீ தாங்க மாட்டேன்னு மறைச்சிட்டேன்."

"எனக்குத் தெரியும்டா. நீ கால ஊனறதைப் பாத்தே கண்டுபுடிச்சேன். அந்த டாக்டரையும் போய்ப் பாத்துட்டு வந்தேன்."

விஜி அதைக் காதில் வாங்கினானோ இல்லையோ, வலியோடு சிரித்தான்.

"பசு வித்த காசையெல்லாம் நீ கட்டிட்டேன்னு அம்மா சொல்லுச்சு. அதான் வலிக்கு ஊசி போட்டுக்கிட்டு எறங்கினேன். உன் காசைக் காப்பாத்திட்டேன்ப்பா."

கோவிந்தன் துண்டால் மகன் முகத்தில் ஒட்டியிருந்த மண்ணைத் துடைத்தார்.

மறுநாள் காலை கிருஷ்ணகிரி ஆஸ்பத்திரியில், இனிமேல் ஆபரேஷன் செய்தாலும் பழைய கால் வராது என்று டாக்டர் சொன்னார். அதே நேரத்தில் வேப்பனப்பள்ளியில், விஜி இறங்க மாட்டான் என்று நம்பி, அவன் ஆபரேஷனுக்காகக் கோவிந்தன் ஓசூர் டீம் மேல் கட்டியிருந்த பணத்தைத் தீர்த்தகிரி பந்தயத்தில் ஜெயித்த ஊர்க்காரர்களுக்குப் பிரித்துக் கொடுத்தார்.