ஊசிச் சோதனை

“விரல்ல ஒண்ணுமே தெரியலன்னா கொழுந்து எப்படிம்மா எடுத்தீங்க?” என்றார் டாக்டர் கந்தப்பன்.

“பாத்துப் பாத்து எடுத்தேங்க. அதான் கிலோ கொறஞ்சு அரை பேருதான் போடுறாங்க, பாதி நாள் சம்பளம்” என்றாள் சுகிர்தம்.

ஹட்டனில் தேயிலைத் தோட்டத் தொழிலாளர்களின் காப்புறுதிப் படிவங்களுக்குச் சான்று எழுதுவது அவர் வேலை. நரம்புக் கோளாறு என்று வருகிறவர்களில் பாதிப்பேர் நடிக்கிறார்கள் என்பது அவர் எண்ணம். சுகிர்தத்தின் படிவத்திலும் ‘உணர்விழப்பு இல்லை’ என்று முன்பே எழுதிவிட்டார். கையெழுத்து மட்டும்தான் பாக்கி. அதையும் போட்டால் அவளுக்குக் கை ஆபரேஷனுக்கான காப்புறுதிப் பணம் கிடையாது. நாளைக்கே கொழுந்தெடுக்க மலையேற வேண்டும்.

“கையை நீட்டுங்க.”

கறை படிந்த அவள் விரலை இடக்கையால் இறுக்கிப் பிடித்தார். சோதிக்கும்போது அவர் கையைப் பார்ப்பதில்லை, முகத்தைத்தான் பார்ப்பார். நடிப்பவர்களின் முகம் குத்தும்போது தானாகச் சுளிக்கும்.

ஊசியால் குத்தினார். “தெரியுதா?”

“இல்லைங்க.”

அழுத்திக் குத்தினார். “இப்ப?”

“இல்லைங்கய்யா.”

“எங்கிட்டயேவா? உங்களப் போல எத்தன பேரப் பாத்திருக்கேன்!”

மூன்றாம் முறை பலமாகக் குத்தினார். அவள் முகம் சுளித்தது.

“மாட்டிக்கிட்டீங்களா? வலிக்குதுல்ல?”

“எனக்கில்லைங்க. கீழ பாருங்க.”

பார்த்தார். ஊசி அவருடைய கட்டைவிரலில் இறங்கியிருந்தது. இரத்தம் படிவத்தில் சொட்டிக்கொண்டிருந்தது.

“ஐயாவுக்கு எத்தன மாசமாங்க இப்படி?”

அவர் ஊசியைப் பிடுங்கிவிட்டு, இழுப்பறையிலிருந்து இரண்டு புதுப் படிவங்களை எடுத்தார்.