பச்சைக் கேற் வீட்டு மதில்

“வீதிக்கோடு வேற, கட்டடக்கோடு வேற அக்கா. ரெண்டையும் ஒண்டாப் போட்டுக் குழப்பாதேங்கோ.”

சீவரத்தினம் ஒரு வெள்ளைத்தாளை எடுத்துக் கோடு கீறத் தொடங்கினார். பிரதேச சபைக் கந்தோரில், கட்டட அனுமதிப் பிரிவில் இருபத்திரண்டு வருடம். விளக்கம் சொல்ல ஆள் கிடைத்துவிட்டால் மனிதருக்கு மத்தியானச் சாப்பாடும் மறந்துபோகும்.

“இது ஒழுங்கை, சின்ன றோட்டு. நில அளவைப் படத்தின்படி பதினைஞ்சு அடி இருக்கவேணும். அந்தப் பதினைஞ்சு அடி முடியிற விளிம்புதான் வீதிக்கோடு. அதைத் தாண்டி ஒழுங்கைப் பக்கம் ஒரு கல்லுக்கூட வைக்க ஏலாது. விளங்குதோ?”

“ஓம் சேர்.” மதில் முறைப்பாடு ஒன்றோடு வந்த நசீறா மேசைக்கு எதிரே கதிரை நுனியில் அமர்ந்திருந்தாள்.

“அதிலயிருந்து வளவுக்குள்ள இன்னும் கொஞ்சம் தள்ளி வாறது கட்டடக்கோடு. வீட்டுச்சுவர், கூரை எல்லாம் அதுக்குப் பின்னாலதான்.”

“அப்ப மதில்?”

“மதில் வீதிக்கோட்டில நிக்கலாம். கட்டடக்கோடு வரைக்கும் போகத் தேவையில்ல.”

“மதிலைப் பின்னுக்கு எடுத்தால் வீட்டுக்கு ஒண்டும் வராதோ?”

“வீட்டுக்கு ஒரு பழுதும் வராது.”

“அல்ஹம்துலில்லாஹ்!” என்று நெஞ்சில் கை வைத்தாள் நசீறா.

சீவரத்தினத்துக்கு ஆச்சரியம். அடுத்த வீட்டு மதிலைப் பற்றி முறையிட வருகிறவர்கள், மதிலோடு வீடும் சேர்ந்து போனால் நல்லது என்றுதான் வழக்கமாக நிற்பார்கள்.

“நேத்தும் ஒருத்தர் வந்து இந்த ரெண்டு கோட்டையும் மூண்டு தரம் கேட்டிட்டுத்தான் போனவர். சரி, உங்கட பிரச்சினையைச் சொல்லுங்கோ.”

“எங்கட ஒழுங்கை முடக்கில ஒரு மதில் அஞ்சடி வெளியால நிக்குது சேர். ஆஸ்பத்திரிக்குப் போற வான் திரும்பாது. ஒழுங்கைக் கடைசியில எமில் அண்ணன் இருக்கிறார். கிட்னி வருத்தம். கிழமைக்கு ரெண்டு தரம் ரத்தம் சுத்தம் செய்யக் கொண்டு போகவேணும். அவற்ற மனிசி லூசியா அக்காவும் மகளும் பிளாஸ்ரிக் கதிரையில வச்சு பெரிய றோட்டு வரைக்கும் தூக்கிக்கொண்டு வருகினம். போன செவ்வாய்க்கிழமை கதிரைக்கால் முறிஞ்சு, மனிசன் மணலில விழுந்திட்டார். நான் பாத்துக்கொண்டு நிண்டனான்.”

“ஐயோ பாவம். மதில்காரரிட்டச் சொல்லிப் பாத்தீங்களோ?”

“எனக்கு வாய் வருகுதில்ல சேர். அவரும் கெட்ட மனிசனில்ல. ஊரை விட்டுக் கலைச்சு, இருபது வருசம் புத்தளத்தில அகதி முகாமில கிடந்திட்டு ஊருக்கு வந்தால், எல்லா இடமும் பத்தைக்காடு. எது ஆற்ற வளவெண்டே தெரியேல்ல. வீட்டுக்கு அத்திவாரம் வெட்ட முதல் எல்லாரும் மதிலைத்தான் கட்டினவை. திரும்பவும் எழுப்பிக் கலைச்சிடுவாங்களோ எண்ட பயம். அந்த அவசரத்தில அஞ்சடி தள்ளிப் போயிட்டுது. ஒவ்வொரு கல்லா தன்ட கையால வச்சவர். இடிக்கச் சொன்னால் ஆள் உடைஞ்சு போயிடுவார்.”

“கந்தோர்க் கடுதாசி போனால் உடைய மாட்டாரோ?”

“அரசாங்கம் சொல்லுதெண்டு பேசாமல் இடிப்பார். ஆரிலயும் மனவருத்தம் வராது. நான் வந்தது மட்டும் அவருக்குத் தெரிய வேண்டாம்.”

நல்ல கெட்டிக்காரிதான் என்று நினைத்தபடி சீவரத்தினம் அறிவித்தல் படிவத்தை எடுத்தார்.

“எந்த ஒழுங்கை?”

“பள்ளிவாசலுக்குப் பின்னால, ரெண்டாவது.”

பேனை நின்றது. அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துத் திரும்பவும் போட்டுக்கொண்டார்.

“பச்சைக் கேற் போட்ட வீடோ?”

“ஓம் சேர், அதேதான்! உங்களுக்குத் தெரியுமோ?”

“கடுதாசியை ஆற்ற பேருக்குப் போடுறது?”

நசீறா முக்காட்டை இழுத்துச் சரிசெய்தாள். யன்னலுக்கு வெளியே, கந்தோர் மதில் நிழலில் ஒரு கழுதை நின்றது. அதையே பார்த்துக்கொண்டு சொன்னாள்.

“றஊப் எண்டு போடுங்கோ சேர். எங்கட வீட்டுக்காரர்தான்.”

ஒருவர் கொடுத்த கடிதத்தை மற்றவருக்குக் காட்டக்கூடாது என்பது கந்தோர் ஒழுங்கு. இத்தனை வருடத்தில் முதல்தடவையாக சீவரத்தினம் அதை மீறினார். மேசை லாச்சியை இழுத்துத் திறந்து, நேற்று வந்தவர் கொடுத்துவிட்டுப் போன கடிதத்தை எடுத்து அவள் முன்னால் வைத்தார்.

நசீறாவுக்கு நன்றாகத் தெரிந்த கையெழுத்து.

‘எங்கள் மதிலை இடிக்கச் சொல்லி ஓர் அறிவித்தல் அனுப்புங்கள் ஐயா. என் மனைவி தன் காப்புகளை விற்றுக் கட்டிய மதில் அது. அவளிடம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கடிதத்தை நசீறா என்ற பெயருக்கே போடுங்கள். நான் வந்தது மட்டும் அவளுக்குத் தெரிய வேண்டாம்.’