மாரம்மாவின் வசவு

"யோவ் கரியப்பா! மறுபடியும் என் நெலத்துலயா கொட்டுற? உன் வண்டி அச்சு முறிஞ்சு போக! உன் மொதலாளி மில்லு இன்ஜின் நின்னு போக!"

மாரம்மாவின் குரல் ராயக்கோட்டை ரயிலடி வரை கேட்டிருக்கும். கரியப்பன் வண்டியிலிருந்த இலுப்பைப் புண்ணாக்கை வேலிச் சந்து வழியாக உள்ளே தள்ளிவிட்டு, மாடுகளைத் திருப்பினான்.

எண்ணெய் மில் வாசலில் நின்ற வெங்கடப்பனுக்கு மனசு குளிர்ந்தது.

"இன்னிக்கு என்னடா வசவு?"

"இன்ஜின் நிக்கணுமாம், மொதலாளி."

"நேத்து என் மீசை கருகணும்னா. நல்லா எரியுது அவளுக்கு! நாளைக்கு ரெண்டு வண்டியா கொட்டு."

எண்ணெய் பிழிந்தபின் மிஞ்சும் அந்தப் புண்ணாக்கை மாடு மோந்துகூடப் பார்க்காது. பச்சையாகச் செடியடியில் விழுந்தால் வேர் வெந்துவிடும். மாரம்மா முதலில் வைத்த மாங்கன்றுகள் அப்படித்தான் கருகின. மில்லை ஒட்டிய அந்த நிலம் வெங்கடப்பனுக்கு வேண்டும். அவளோ விற்க மறுத்தாள். மறுபடி வைத்த கன்றுகளும் போய்விட்டால் விற்றுத்தானே ஆகவேண்டும்?

ஒரு மழைக்காலம் போய், இன்னொன்றும் போனது. வசவு மட்டும் ஓயவில்லை. தை பிறந்ததும், விலை பேசிவிடலாம் என்று கரியப்பனோடு வெங்கடப்பன் முதல்முறையாக அந்த ஆள் உயரக் கள்ளிவேலியைத் தாண்டினார்.

தாண்டியவர் அப்படியே நின்றுவிட்டார்.

இடுப்பு உயரத்துக்கு மாங்கன்றுகள்! செப்பு நிறத் துளிர்கள் வெயிலில் மினுங்க, தூரத்து மலைக்கோட்டையைப் பிடிக்கக் கிளம்பிய படைபோல வரிசையாக நின்றன.

"டேய், இதை நீ பாக்கலையாடா?"

"கொட்டத்தானே சொன்னீங்க மொதலாளி, பாக்கச் சொல்லலையே."

வெங்கடப்பன் கன்றுகளுக்கு நடுவே நின்ற மாரம்மாவிடம் திரும்பினார். "என்னம்மா போட்டே இதுக்கு?"

"நீங்க அனுப்புனதுதான்." வேலியோரக் குழியைக் காட்டினாள். "மொதல்ல கொட்டின குவியல்ல, சாணி கலந்து கெடந்த எடத்துல மட்டும் மழைக்கப்புறம் கீரை தளதளன்னு மொளைச்சுது. அதைப் பாத்துட்டு, அப்புறம் வந்ததையெல்லாம் சாணியோட சேத்து மக்க வெச்சேன்."

"உனக்கு நல்லதுதானே நடந்திருக்கு? பின்னே எதுக்கும்மா தெனமும் அப்படித் தொண்டை கிழியத் திட்டுனே?"

மாரம்மா ஒரு துளிரை நீவிவிட்டபடியே சிரித்தாள்.

"திட்டாம இருந்திருந்தா கொட்டியிருப்பீங்களா, மொதலாளி?"