ஆஃப் பண்ணி ஆன் பண்ணு

"போச்சு! மறுபடியும் சுத்துது!"

சின்னவன் லேப்டாப்பைத் தூக்கி உதறாத குறை. திரையில் அம்மாவின் முகம் பாதிப் பேச்சில் நின்றுபோயிருக்க, அதன் மேல் அந்தப் பாழாய்ப்போன வட்டம் சுற்றிக்கொண்டிருந்தது.

"கத்தி என்ன பிரயோஜனம்? ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க. போன தடவை வந்துச்சு இல்ல?" என்றாள் மனைவி.

படுக்கையறையிலிருந்து ஹாலுக்கு ஓடினான். ரவுட்டரின் ஒயரைப் பிடுங்கினான். பல்லைக் கடித்துக்கொண்டு காத்திருந்துவிட்டு மறுபடி செருகினான். விளக்குகள் ஒவ்வொன்றாக எரிவதற்குள் அவனுக்கு உயிர் போய் உயிர் வந்தது.

பின்னே என்ன? தூரத்து ஊரில் அக்கா வீட்டில் இருந்த அம்மாவுக்குத் திடீரென்று இதய ஆபரேஷன். இப்போது கிளம்பினால் போய்ச் சேர முடியாது. அம்மாவோ ஒரே பிடிவாதம். "என் பிள்ளைங்க ரெண்டு பேரையும் ஒண்ணாப் பார்த்துட்டுத்தான் உள்ளே போவேன்" என்று சொல்லிவிட்டாள்.

ஒன்றாகப் பார்ப்பதாவது! வீட்டைப் பாகம் பிரித்த நாளிலிருந்து மாடியில் சின்னவன், கீழே பெரியவன், நடுவில் பேச்சு வார்த்தை கிடையாது. படியில் எதிரே வந்தால்கூட ஆளுக்கொரு சுவரைப் பார்த்துக்கொண்டு போவார்கள். அக்காதான் எல்லோரையும் ஒரே வீடியோ காலில் சேர்த்துவிட்டு, "இன்னைக்கு ஒரு நாளாவது மனுஷங்களா நடந்துக்கோங்கடா" என்றிருந்தாள்.

வட்டம் மறைந்தது. அம்மா அசைந்தாள்.

"அம்மா! கேக்குதா? நான் வந்துட்டேன்!"

"நீ வந்துட்டே, சரி. பெரியவன் எங்கேடா?"

பக்கத்துக் கட்டத்தைப் பார்த்தான். கறுப்பாகக் கிடந்தது.

அக்காவின் குரல் வெடித்தது. "ஏன்டா, கண்ணாமூச்சி ஆடறீங்களா ரெண்டு பேரும்? இப்பத்தான் அவன் இருந்தான், நீ இல்லே. நீ வந்தா அவனைக் காணோம்!"

"விடுடி," என்றாள் அம்மா. "ஒரே படத்துல உட்காரக்கூட அவனுங்களுக்கு மனசு வரலை. நான்தான் பேராசைப்படறேன்."

சின்னவனுக்குச் சுருக்கென்றது. "நான் என்னம்மா பண்ணுவேன்? என் தலையைப் பார்த்ததும் அவர் எழுந்து போயிடறார்! இந்த நேரத்துலகூட ஒரு மனுஷனுக்கு இவ்வளவு வீம்பு..."

மறுபடியும் வட்டம்.

மறுபடியும் ஹால். பிடுங்கல். செருகல். அம்மா வந்தாள், பெரியவனைக் காணோம். கொஞ்ச நேரத்தில் அம்மாவும் போனாள். போனில் பேசலாமென்றால் அந்த வீட்டுக்குள் என்றைக்கு டவர் கிடைத்தது, இன்றைக்குக் கிடைக்க? அவன் கண்ணில் நீர் முட்டிக்கொண்டு வந்தது. ரவுட்டரை அடிக்கக் கையை ஓங்கிவிட்டான்.

நல்லவேளை, தெருமுனைக் கடையிலிருந்து நெட்காரரைக் கையோடு இழுத்துக்கொண்டு வந்துவிட்டாள் மனைவி.

"டப்பா புதுசாச்சே சார்! நான்தானே மாட்டினேன்?"

"ஐயா, புண்ணியமாப் போகும். அம்மா ஆபரேஷனுக்குப் போறாங்க. முதல்ல சரிபண்ணுங்க!"

"நீங்க உள்ளே போய் உட்காருங்க. எதையும் தொடாதீங்க. நான் பார்க்கறேன்."

சின்னவன் உள்ளே ஓடினான். இந்தத் தடவை எதையும் பிடுங்கவில்லை. ஆனாலும் வட்டம் தானாகவே மறைந்தது. அம்மா தெரிந்தாள். பக்கத்துக் கட்டத்தில் கலைந்த தலையும் சிவந்த கண்ணுமாகப் பெரியவனும் தெரிந்தான்!

"ரெண்டு பேரும்..." என்று அம்மா வாயைத் திறந்தாள்.

பெரியவனின் கட்டம் சட்டென்று கறுத்தது.

"பார்த்தியாம்மா? பார்த்தியா அந்த ஆளை?" என்று சின்னவன் அலறினான்.

"சார்!" ஹாலிலிருந்து நெட்காரர் குரல் கொடுத்தார். "ஒயரைப் பிடுங்கிட்டேன். அங்கே கட் ஆயிடுச்சா?"

"இல்லையே! அம்மா பேசறாங்களே!"

நெட்காரர் தலையைச் சொறிந்துகொண்டே உள்ளே வந்தார். லேப்டாப்பைப் பார்த்தார். ஹாலில் விளக்கணைந்து கிடந்த ரவுட்டரைத் திரும்பிப் பார்த்தார். முகத்தில் அசடு வழிந்தது.

"சார், கோச்சுக்காதீங்க. கீழ்வீட்டுக்கும் நான்தான் மாட்டினேன். எனக்கு ஞாபகம் இருக்கட்டுமேன்னு எல்லா வீட்டுக்கும் ஒரே பேரு, ஒரே பாஸ்வேர்டுதான் போடறது. இந்த ரூமுக்குக் கீழ்வீட்டு டப்பாதான் கிட்ட. அதான் உங்க லேப்டாப் அவங்க நெட்டைப் பிடிச்சிருக்கு. அவங்களுது உங்க நெட்டைப் பிடிச்சிருக்கும் போல."

"அப்போ, நான் இதைப் பிடுங்கினப்பல்லாம்..."

"கட் ஆனது உங்க அண்ணன் சார். அவர் பிடுங்கினா நீங்க."

"ஸ்ட்ரெச்சர் வந்துடுச்சுடா!" என்றாள் அக்கா.

சின்னவனுக்குத் தூக்கிவாரிப்போட்டது. அண்ணனுக்கு இப்போதுதான் கட் ஆகியிருக்கிறது. அடுத்து அவர் கை எங்கே போகுமென்று அவனைவிட யாருக்குத் தெரியும்? லேப்டாப்பை மார்போடு அணைத்துக்கொண்டு படிகளில் பாய்ந்தான்.

"அண்ணா! பிடுங்காதீங்க அண்ணா! அண்ணா!"

கதவைத் தள்ளினான். ஒயரில் வைத்த கையோடு பெரியவன் திகைத்துப்போய் நின்றான்.

"வண்டியைத் தள்ளச் சொல்லுடி," என்றாள் அம்மா, லேப்டாப்புக்குள்ளிருந்து. "அண்ணான்னு கூப்பிட்டுட்டான்."