மச்சம் வைத்த பலூன்

ஷட்டரை முக்கால்வாசி இறக்கிவிட்டு உள்ளே யாரையோ கொஞ்சிக்கொண்டிருந்தார் என் வீட்டுக்காரர்.

"ஆடாதே கண்ணு. இன்னும் கொஞ்சம்தான்."

தெருவில் மண்டையைப் பிளக்கும் வெயில். தோளில் பையோடு அப்படியே நின்றுவிட்டேன். கண்ணாம்! பதினாறு வருஷத்தில் என்னை ஒருநாள்கூட அப்படிக் கூப்பிட்டதில்லை.

அவருடைய சலூன் மதியம் இரண்டு மணி நேரம் மூடியிருக்கும். முன்பெல்லாம் வீட்டுக்கு வந்து சாப்பிட்டு, குறட்டை விட்டுத் தூங்கி எழுந்து போவார். இரண்டு மாதமாக வருவதில்லை. கேட்டால் கடையில் வேலை என்கிறார்.

மூடிய கடையில் என்ன வேலை?

வலது கையை பேன்ட் பாக்கெட்டிலிருந்து எடுப்பதே இல்லை. பேசும்போதும் அங்கேதான், நடக்கும்போதும் அங்கேதான். போனை ஒளிக்கிறார் என்று நினைத்தேன். குளிக்கப் போன சமயம் பார்த்துத் துழாவினேன்.

போன் மேஜைமேல் இருந்தது. பாக்கெட்டில் இருந்தது வெடித்த பலூனின் துண்டு.

முதல் நாள் சிவப்பு. மறுநாள் நீலம். அடுத்த வாரம் கிடைத்த மஞ்சள் துண்டில் பேனாவால் ஒரு கண்ணும் பாதி மூக்கும் வரைந்திருந்தது.

எங்களுக்குக் குழந்தை இல்லை.

அக்காவிடம் போனில் சொன்னேன். துணியை எடுத்துக்கொண்டு கிளம்பி வந்துவிடு என்றாள். கடையில் கூட வேலை செய்பவரிடம் ஜாடைமாடையாக விசாரித்தேன். சீப்பைத் துடைக்கிற சாக்கில் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஊருக்கே தெரியும், எனக்கு மட்டும்தான் தெரியாது என்று நினைத்துக்கொண்டேன்.

அதனால்தான் இந்தப் பை. நாலு நாளைக்குத் துணி, துண்டு, மாத்திரை டப்பா. அவருடைய அந்தக் குழந்தையை ஒரே ஒரு தடவை பார்த்துவிட்டு அக்கா வீட்டுக்குப் போய்விடுவதாக முடிவு செய்திருந்தேன். யார் சாயல் என்று தெரியாமல் போனால் எனக்குத் தூக்கம் வராது.

உள்ளே டப்பென்று ஏதோ வெடித்தது.

குழந்தை அழவில்லை. அவர்தான் 'சே' என்றார்.

ஷட்டரைத் தூக்கினேன். பையை வாசலிலேயே வைத்துவிட்டு உள்ளே போனேன்.

கண்ணாடியெல்லாம் சோப்பு நுரை. தரையில் கலர் கலராகப் பலூன் துண்டுகள். நாற்காலியில் தலை சாய்க்கும் இடத்தில் இன்னொரு பலூன் கட்டியிருந்தது. கண், மூக்கு, மீசை. தாடையில் ஒரு மச்சம்கூட வைத்திருந்தார்.

வேறு யாருமே இல்லை.

சவரக்கத்தி அவருடைய இடது கையில் இருந்தது.

வலது கை நாற்காலியின் கைப்பிடிமேல் இருந்தது. சும்மா வைத்த கை தானாக ஆடிக்கொண்டிருந்தது. நிறுத்தப் பார்த்தார். முடியவில்லை. என்னைப் பார்த்ததும் சட்டென்று பாக்கெட்டுக்குள் போட்டுக்கொண்டார்.

அகப்பட்ட திருடன் மாதிரி தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னார். முதல் நாள் கத்தி பட்டதுமே வெடித்ததாம். இப்போது மச்சம் வரைக்கும் வருகிறதாம். தாடைக்குக் கீழே திரும்பும்போதுதான் போய்விடுகிறதாம். பலூன் வெடிக்காமல் கழுத்து வரை வந்தால்தான் இடது கையை நம்பி ஒரு மனுஷன் முகத்தில் கத்தி வைக்க முடியும். கத்தி பிடிக்க முடியாவிட்டால் இந்தக் கடையில் அவருக்கு என்ன வேலை? பெருக்கலாம். அதைவிட அவர் செத்தே போவார்.

எனக்கு ஆத்திரம் வந்தது. என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். நானும்தான் ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம், பாக்கெட்டைத் துழாவாமல்.

பலூனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். அவர் நுரை தடவினார். கத்தி காதோரம் இறங்கியது. மச்சத்தைச் சுற்றி வளைந்தது. தாடைக்குக் கீழே மெதுவாகத் திரும்பியது. வெடிக்கவில்லை. கழுத்துக்கு வந்தது.

டப்!

என் முகமெல்லாம் நுரை. அவர் சிரித்தார். இரண்டு மாதம் கழித்துச் சிரித்தார்.

அதுதான் கடைசிப் பலூன். என் முகத்தைத் துடைக்கத் துண்டு தேடித் திரும்பியவர், வாசலில் பிதுங்கிக்கொண்டிருந்த பையைப் பார்த்தார்.

"எதுக்கு இவ்ளோ பெரிய பை?"

"பலூன் வாங்கத்தான்" என்றேன்.